அடித்தல் திருத்தல் இல்லாத பதிவேடு

1

போன மாதம் என் அலுவலகத்தில் எனக்கு ஒரு குடை கொடுத்தார்கள்.

வேலைக்குச் சேர்ந்து ஐந்து ஆண்டுகள் நிறைந்ததற்குப் பரிசு. நீலத் துணி, கைப்பிடியில் கம்பெனியின் சின்னம். முதலில் கேக், பிறகு பதினோரு பேரின் கைதட்டல், கடைசியில் குடை. நான் இருப்பது நார்வேயின் மேற்குக் கரையில், ஆண்டில் முக்கால்வாசி நாள் மழை பெய்யும் ஒரு துறைமுக ஊரில். இங்கே காற்று மழையைப் பக்கவாட்டில் கொண்டுவந்து அடிக்கும். குடை பிடிக்கிறவன் சுற்றுலா வந்தவன் என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். வானிலைக் கம்பெனி நடத்துகிறவர்களுக்கு மட்டும் தெரியவில்லை. நான் விமானம் ஏறியபோது, அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பான் என்று சென்னை ராயபுரத்தில் சிலர் சொன்னது என் காதில் விழுந்தது. அவர்கள் வாக்கு பலித்துவிட்டது என்று இதன்மூலம் தெரிவித்துக்கொள்கிறேன்.

கல்மண்டபத்தில் இருக்கும் என் அக்காவுக்கு நான் இங்கே என்ன வேலை செய்கிறேன் என்பது இன்னும் பிடிபடவில்லை. ஒவ்வொரு தொலைபேசியிலும் கேட்பாள்.

"மழ வருமான்னு சொல்றியாடா?"

"இல்லக்கா. அதச் சொல்றதுக்கு வேற ஆளுங்க இருக்காங்க."

"அப்ப மழைய நிறுத்துறியா?"

"இல்லக்கா."

"அப்பால இன்னாத்துக்குடா அவ்ளோ தொலவு பூட்டு குந்திகினு கீற?"

நல்ல கேள்வி. ஐந்து ஆண்டுகளாக நானும் என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். இந்தக் கட்டுரை அக்காவுக்கும், அவளைப் போல ஊரில் இருந்துகொண்டு கேட்கிறவர்களுக்கும் நான் சொல்லும் பதில். பதில் அவ்வளவு கௌரவமாக இருக்காது.

2

வானிலைப் படம் ஒன்றைக் கம்ப்யூட்டர் திரையில் விரித்தால், ஒவ்வொரு வானிலை நிலையத்துக்கும் ஒரு சின்ன வட்டம் இருக்கும். வட்டம் எவ்வளவு நிரம்பியிருக்கிறதோ, வானத்தில் அவ்வளவு மேகம். வட்டத்தின் இடப்புறம் மேலே வெப்பநிலை, கீழே ஈரத்தைக் காட்டும் ஒரு எண், வலப்புறம் காற்றழுத்தம். வட்டத்திலிருந்து ஒரு குச்சி நீட்டிக்கொண்டிருக்கும். காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறதோ, குச்சி அந்தப் பக்கம் நீளும். குச்சியின் முனையில் இறகுபோல் சில கோடுகள். காற்றின் வேகம் கூடக்கூடக் கோடுகளும் கூடும். இதை ஸ்டேஷன் பிளாட் என்பார்கள். எங்கள் கம்பெனி இந்தப் படத்தைக் காட்டும் மென்பொருளைச் செய்து கப்பல் கம்பெனிகளுக்கு விற்கிறது. எந்த வாடிக்கையாளருக்கு எந்த எண் எங்கே இருக்க வேண்டும், எவ்வளவு பெரிதாக, என்ன நிறத்தில் என்று அமைத்துக் கொடுப்பது என் வேலை. கோலத்துக்குப் புள்ளி வைக்கிற வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். கோலமும் என்னுடையதல்ல, வாசலும் என்னுடையதல்ல.

ஈரத்தைக் காட்டும் அந்த எண் பச்சையாக இருக்க வேண்டுமா நீலமாக இருக்க வேண்டுமா என்று இங்கே மூன்று வாரம் கூட்டம் போட்டார்கள். நான் கதை கட்டவில்லை. படித்த மனிதர்கள், கம்பளிச் சட்டை போட்டவர்கள், ஆளுக்கொரு கோப்பைக் காப்பியோடு உட்கார்ந்து பச்சையின் நன்மைகளைப் பட்டியல் போட்டார்கள். அந்த எண்ணை முதலில் எழுதியவன் யார், எங்கே உட்கார்ந்து எழுதினான், ஒழுங்காக எழுதினானா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. கடைசியில் பச்சை ஜெயித்தது. அதற்கும் கேக் வெட்டினார்கள்.

எண்களை எழுதுகிறவர்களை எனக்குத் தெரியும். இங்கே வருவதற்கு முன் சென்னையில், துறைமுகக் கொடிமரத்துக்குப் பக்கத்திலிருந்த ஒரு டவரில் நானும் அதே எண்களை எழுதிக்கொண்டிருந்தவன்தான்.

குடை கொடுத்த அதே வாரம் என் மேலாளர் இங்கெர் ஒரு வேலையோடு வந்தார். எண்ணூரில் புதிதாகத் திறந்த துறைமுகத்துக்குக் கப்பல் அனுப்பும் ஒரு வாடிக்கையாளர், அந்தக் கரையில் கடந்த பத்து நவம்பர் மாதங்களின் காற்றைத் திரையில் ஓட்டிப் பார்க்க விரும்புகிறாராம். சுற்றுவட்டாரத்து நிலையங்கள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து படம் ஈ மொய்த்த பலகாரம் மாதிரி இருந்தது.

"எதை வைப்பது, எதை ஒதுக்குவது? உனக்குத்தான் அந்த ஊர் தெரியுமே" என்றார் இங்கெர்.

எங்கள் மென்பொருளில் நம்பகமான பதிவு கறுப்பு நிறத்தில் வரும். சந்தேகமானது சாம்பல் நிறத்தில் வரும், கணக்கில் சேராது. நான் யோசிக்கவே இல்லை. துறைமுக நிலையத்தின் பழைய பதிவுகள் அத்தனையையும் சாம்பலாக்கிவிடலாம் என்றேன்.

"காரணம்?"

"எழுதியவனை எனக்குத் தெரியும்" என்றேன். "டீக்கடையில் உட்கார்ந்து எழுதுவான்."

இங்கெர் சிரிக்கவில்லை. நிரூபித்துக் காட்டு, படிவத்தை நிரப்பு என்று சொல்லிவிட்டுப் போனார். இந்த நாட்டில் ஒருவனைப் பற்றி இழிவாகப் பேசக்கூடப் படிவம் வேண்டும்.

3

அவன் பெயர் தேசிங்கு. என்னைவிடப் பதினோரு வயது மூத்தவன். நேரில் அண்ணே என்பேன். முதுகுக்குப் பின்னால் அவன் இவன்தான். இங்கேயும் முதுகுக்குப் பின்னால்தான் எழுதுகிறேன் என்பதால் அப்படியே இருக்கட்டும்.

தொண்ணூறுகளின் நடுவில் அந்த டவரில் பகல் வேலை எங்கள் இருவருக்கும்தான். காலை எட்டரை, பதினொன்றரை, பிற்பகல் இரண்டரை, ஐந்தரை என நான்கு முறை அளவெடுக்க வேண்டும். முதல் இரண்டும் ஒருவருக்கு, அடுத்த இரண்டும் மற்றவருக்கு. வாரத்துக்கு வாரம் ஷிப்டு மாறிக்கொள்வோம். இருவருமே தற்காலிகம். தேசிங்கு ஒன்பது வருடத் தற்காலிகம், நான் இரண்டு வருடத் தற்காலிகம். புயல் சின்னம் வந்தால் கொடிமரத்தில் கூண்டு ஏறும். கூண்டைப் பார்த்துவிட்டு ஊர் எங்களையும் ஒரு நாள் மதிக்கும்.

டவர் உச்சியில் ஒரு கண்ணாடி அறை. கூரைமேல் திசை காட்டும் காத்தாடி, அறைக்குள் அதன் டயல். நூற்றுப் பன்னிரண்டு படிகள். நான் ஒவ்வொரு முறையும் ஏறுவேன். டயலைப் பார்த்து, பதிவேட்டில் முத்து முத்தாக எழுதி, இறங்கி வருவேன். தேசிங்கு ஏறவே மாட்டான். துறைமுக வாசலுக்கு எதிர்ப்பக்கம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, மூக்கைத் தூக்கி ஒரு முறை இழுத்து, மடியில் விரித்த பதிவேட்டைப் பார்த்துத் தனக்குத்தானே சொல்லிக்கொள்வான்.

"மீன் நாத்தம் வருது. காசிமேட்டுப் பக்கத்துக் காத்து. வடகெயக்குன்னு போட்டுக்க."

வடக்கிலிருந்து வந்தால் ஆலைகளின் கந்தக நெடி. தெற்கிலிருந்து வந்தால் துறைமுகத்து நிலக்கரித் தூசு, டீ கிளாஸின் விளிம்பில் கறுப்பாகப் படியும். மேற்கிலிருந்து வந்தால் புளியந்தோப்பு ஆட்டுத்தொட்டியின் ரத்த வாடை. கிழக்கென்றால் ஒரு நாற்றமும் இருக்காது, உப்புப் பிசுபிசுப்பு மட்டும். இதுதான் அவனுடைய வானிலை சாஸ்திரம். வெப்பநிலையைப் பற்றி இன்னும் மோசம். "நேத்து மாரியே பேஜாரா கீது, நேத்து எய்தினதையே எய்து" என்பான்.

நான் பயிற்சி வகுப்பில் தேறியவன். கண்ணுக்கும் தோலுக்கும் தோன்றுவதை எழுதாதே, கருவி சொல்வதை எழுது என்று அங்கே படித்துப் படித்துச் சொன்னார்கள். உலகம் முழுக்கப் போகிற எண்ணை ஒருவன் மூக்கால் எழுதுகிறானே என்று எனக்கு வயிறு எரியும். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று அக்காவிடம் சொல்லிச் சிரிப்பேன்.

சிரிப்போடு விட்டிருக்கலாம். எங்களில் ஒருவரை நிரந்தரமாக்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்தபோது, மேலிடத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். ஆங்கிலத்தில், ஒன்றரைப் பக்கம், கீழே பெயர் இல்லாமல். மொட்டைக் கடிதாசு என்று ஊரில் சொல்வோமே, அதேதான். நேர்மைக்காக எழுதுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு காலை எட்டரை மணிக்கு அதிகாரி டீக்கடைக்கே வந்து தேசிங்கைப் பிடித்தார். மறு வாரம் அவன் வரவில்லை. நான் நிரந்தரமானேன்.

ஒரு வருடம் கழித்து வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பித்தபோது, அதிகாரி எனக்கு ஒரு சான்றிதழ் கொடுத்தார். 'அடித்தல் திருத்தல் ஏதுமின்றிப் பதிவேட்டைப் பேணியவர்' என்று அதில் இருந்தது. அந்த ஒரு வரியில்தான் இந்த ஊர் வேலை கிடைத்தது. வேலையால் விசா கிடைத்தது. போன வருடம் குடியுரிமைக்கு விண்ணப்பித்தபோதும் அதன் நகலை, மொழிபெயர்த்து முத்திரை வைத்து, இணைத்திருக்கிறேன். அந்தக் கோப்பு இன்னும் ஏதோ ஒரு மேசையில் தூங்குகிறது. கோப்பில் என் பெயரும் அப்பா பெயரும் இடம் மாறிக் கிடக்கின்றன. அரசாங்கத்தைப் பொறுத்தவரை குடியுரிமை கேட்பது ராயபுரத்துக் கல்லறையில் இருக்கும் மரியதாஸ்.

4

என் மகள் ரீனாவுக்கு எட்டு வயது. மூன்று வயதில் இங்கே வந்தவள். சனிக்கிழமைகளில் இங்கே தமிழ்ப் பள்ளிக்குப் போகிறாள். நடத்துகிறவர்கள் யாழ்ப்பாணத்துக்காரர்கள், நல்ல மனிதர்கள். விளைவு என்னவென்றால், என் மகள் வாரம் ஐந்து நாள் நார்வீஜியனாகவும் ஒரு நாள் யாழ்ப்பாணத்துப் பெண்ணாகவும் இருக்கிறாள். ராயபுரத்துக்கு நாள் ஒதுக்க முடியவில்லை. நான் அக்காவோடு தொலைபேசியில் பேசுவதைக் கேட்டுவிட்டுப் பயந்துபோய், "அப்பா, நீங்கள் ஆரோட சண்டை பிடிக்கிறியள்?" என்று கேட்டவள் அவள். நலம் விசாரித்துக்கொண்டிருந்தேன்.

அவளுக்கு ஊர் என்றால் நான் சொல்லும் கதைகள்தான். அவற்றில் அவளுக்குப் பிடித்தது தேசிங்கு கதை. மூக்கால் காற்றை எழுதிய பொய்க்காரன், நூற்றுப் பன்னிரண்டு படி ஏறி உண்மையை எழுதிய அப்பா. அதிகாரி வந்து பொய்க்காரனைப் பிடிக்கும் இடத்தில் கைதட்டுவாள். கடிதத்தை மட்டும் கதையிலிருந்து எடுத்திருந்தேன். அதிகாரி தற்செயலாக டீ குடிக்க வருவார்.

'என் அப்பாவின் வேலை' என்று பள்ளியில் எழுதச் சொன்னபோது அதைத்தான் எழுதினாள். நார்வீஜியனில், படமும் வரைந்து. ஆசிரியை பாராட்டி மூன்று வரி எழுதியிருந்தார். அந்தத் தாள் எங்கள் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கிறது. பால் எடுக்கும்போதெல்லாம் என் நேர்மை கண்ணில் படும்.

5

பழைய பதிவுகளைத் திரையில் ஓட்டினேன். தேசிங்கின் வண்டவாளத்தை ஒரு மணி நேரத்தில் தண்டவாளத்தில் ஏற்றிவிடலாம் என்று நினைத்தேன்.

எங்கள் கம்பெனியில் உலகத்து நிலையங்களெல்லாம் அனுப்பிய பதிவுகளைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். நானும் தேசிங்கும் சேர்ந்து வேலை பார்த்த வருடங்களை எடுத்தேன். துறைமுக வட்டத்தையும், ஒப்பிட்டுப் பார்க்க ஊருக்குள் இருக்கும் இன்னொரு நிலையத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை மறைத்தேன். எட்டரை, பதினொன்றரை, இரண்டரை, ஐந்தரை என்று குச்சிகளை ஓடவிட்டேன்.

வெப்பநிலையில் அவன் புளுகியது பளிச்சென்று தெரிந்தது. அடுத்தடுத்த நாட்களில் ஒரே எண், ஒரே எண். எனக்கு உள்ளூரச் சந்தோஷம். பிறகு காற்றைப் பார்த்தேன்.

காலையில் இரண்டு நிலையங்களின் குச்சியும் ஒரே பக்கம் நீண்டிருந்தன. பிற்பகலில் துறைமுகத்தின் குச்சி மட்டும் கால் வட்டம் திரும்பிக்கொண்டது. அங்கே வடக்கு என்றால் இங்கே கிழக்கு. அங்கே கிழக்கு என்றால் இங்கே தெற்கு. கடற்காற்றாக இருக்கும் என்று எனக்கு நானே பாடம் நடத்தினேன். நண்பகலுக்குப் பிறகு சென்னையில் கடலிலிருந்து காற்று திரும்பும், கரையோர நிலையத்தில்தான் அது முதலில் தெரியும். மூன்று மணி நேரம் இதை நம்பினேன்.

அடுத்த வாரத்துப் பதிவுக்கு வந்ததும் எல்லாம் தலைகீழானது. இப்போது காலையில் குச்சி திரும்பியிருந்தது, பிற்பகலில் சரியாக இருந்தது. அதற்கடுத்த வாரம் மறுபடி பிற்பகல். கடற்காற்று வாரத்துக்கு வாரம் ஷிப்டு மாறுமா?

எந்த வாரம் யாருக்கு எந்த ஷிப்டு என்பதற்கு எனக்கு ஒரு அடையாளம் இருந்தது. அக்காவின் கல்யாணம் ஒரு திங்கட்கிழமை பிற்பகல், ராயபுரம் கோயிலில். அந்த ஒரு நாள் மட்டும் தேசிங்கு எனக்காக இரண்டு ஷிப்டும் பார்த்தான். அந்தத் திங்கட்கிழமையைத் தேடி எடுத்தேன். நான்கு குச்சிகளும் ஊர் நிலையத்தோடு பொருந்தி நின்றன. மறுநாள் செவ்வாய், நான் கல்யாணக் களைப்போடு படியேறி எழுதிய இரண்டரையும் ஐந்தரையும், கால் வட்டம் தள்ளி நின்றன.

தவறான குச்சிகள் என்னுடையவை. அத்தனையும் என்னுடையவை.

எந்த வாரத்தில் தொடங்குகிறது என்று பின்னோக்கிப் போனேன். மேலிடத்திலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் பார்வையிட வருகிறார் என்று டவருக்கு முழுக்க வண்ணம் அடித்த வாரம் அது. பாதை ஓரத்துக் கல்லுக்குக்கூட வெள்ளை அடித்தார்கள். கூரைமேல் காத்தாடியையும் விட்டுவைக்கவில்லை. நான் அன்றைக்குப் புதுப் பதிவேடு திறந்து முதல் பக்கத்தில் சிலுவை போட்டேன்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். தேசிங்கை அனுப்பிய பிறகு டயலுக்கு எதிராக எழுத ஆள் இல்லை. அவன் இடத்துக்கு வந்தவனும் என்னைப் போலவே படியேறும் யோக்கியன். இரண்டு ஷிப்டிலும் ஒரே தவறு. குச்சி குதிப்பது நின்றுவிட்டது. அதிலிருந்து எங்கள் மென்பொருள் அந்த நிலையத்துக்கு 'சீரானது' என்று தானாகவே உயர்ந்த மதிப்பெண் கொடுத்திருக்கிறது.

நினைத்துப் பார்க்கிறேன். படியிறங்கி வெளியே வரும்போது முகத்தில் கிழக்குக் காற்று அடித்திருக்கிறது. டயல் தெற்கு என்று சொல்லியிருக்கிறது. நான் தெற்கு என்று எழுதியிருக்கிறேன். என் முகத்துக்கு யார் பயிற்சிச் சான்றிதழ் கொடுத்தார்கள்? ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு மீன் நாற்றம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரியாதா? தெரியும். தெரிந்ததை எழுதக் கூச்சம். அவ்வளவுதான் என் படிப்பு.

6

தேசிங்கின் எண்ணை அக்காதான் தேடிப் பிடித்தாள். திருவொற்றியூர் தேரடியில் ஒரு எஸ்.டி.டி. பூத். ஞாயிற்றுக்கிழமை அங்கே வந்து நிற்பான், கூப்பிடு என்றாள். எனக்குக் காலை எட்டு மணி, அங்கே பதினொன்றரை. பழைய அளவெடுக்கும் நேரமாக அமைந்தது தற்செயல்தான்.

"தேசிங்கண்ணே, நான் சேவியர் பேசுறேன்."

"எந்த சேவியரு?"

"டவர் சேவியர்."



"அட மாமு! உசுரோட கீறியா? இன்னா திடீர்னு?"

எண்ணூர்ப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் வாசலில் உட்கார்ந்து லாரி நம்பர் எழுதும் வேலையாம் அவனுக்கு. குசலம் விசாரித்து முடித்ததும் விஷயத்துக்கு வந்தேன்.

"அண்ணே, டவர்ல பெயின்ட் அடிச்சாங்களே, அப்ப மேல இருந்த காத்தாடி…"

"அதுவா? பெயின்ட்டு அட்ச்சவன் அத்த கயட்டி மாட்டசொல்லோ திருப்பி மாட்டி வுட்டான். வடக்கப் பாக்கவேண்டியது கெயக்கப் பாத்துகினு இருந்துச்சி. அத்துக்கு இன்னா இப்ப?"

"உங்களுக்கு அப்பவே தெரியுமா?"

"எனுக்கா? டீ மாஸ்டருக்கே தெரியும். கூண்டு ஏத்துற ஆளுக்குத் தெரியும். உன்னைத் தவுர எல்லாருக்கும் தெரியும்."

"என்கிட்ட ஏண்ணே சொல்லல?"

"சொல்லலியா? கீய எறங்கி வாடா, மூஞ்சில அடிக்கிற காத்தப் பாருடான்னு எத்தினி தபா சொன்னேன்! கருவி இன்னா சொல்லுதோ அதான் எய்தணும்னு நீ எனுக்கே கிளாஸ் எட்த்த. ஆபீசருக்கும் சொல்லிப் பாத்தேன். இன்ஸ்பெக்சன் முட்ஞ்சி போச்சி, அத்த இனிமே தொடாதேன்ட்டான். சர்தான் போன்னு வுட்டேன்."

சொல்லியிருந்தான். ஞாபகம் வந்தது. டீக்கடை பெஞ்சில் அவன் சொல்லச் சொல்ல நான் பதிவேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றதும் ஞாபகம் வந்தது.

"வெப்பநிலை எல்லாம் நீங்க சும்மாதானே எழுதினீங்க?" என்றேன். அப்போதும் ஒரு குற்றமாவது அவன் பக்கம் இருக்கட்டும் என்று எனக்கு.

"ஆமா. வெயிலு ஒரு டிகிரி ஏறினா இன்னா, எறங்கினா இன்னா, எவன் சாவப் போறான்? காத்து அப்டி இல்ல. என் மச்சானுங்க ரெண்டு பேரும் காசிமேட்டுல போட்டுல போறவனுங்க. காத்துல நான் வெளையாட மாட்டேன்."

"அண்ணே, அப்புறம்… அந்த லெட்டர்…"

"வுடு."

"இல்லண்ணே, அத எழுதினது…"

"நீதான். அன்னிக்கே தெரியும். அந்த ஆபீஸ்ல தப்பில்லாம இங்கிலீஷு எய்தத் தெரிஞ்சவன் நீ ஒர்த்தன் தான். பேரு போடலன்னா கண்டுபுடிக்க முடியாதா?"

"ஏண்ணே ஒரு வார்த்த கேக்கல?"

"கேட்டு? பர்மனென்ட்டு ஆவுதுன்னு வூட்டுல சொல்லி, தெருவுல சொல்லி, பொண்ணுக்குக் காது குத்து கூட வெச்சிட்டேன். வந்தவன் போனவன்லாம் இன்னா ஆச்சி இன்னா ஆச்சின்னு கேக்குறான். அவனுங்களுக்குப் பதில் சொல்றதே பெரும்பாடு. இதுல உன் மூஞ்சி வேறயா?"

என்ன கேட்பது என்று தெரியாமல், "இப்ப அங்க என்ன காத்துண்ணே?" என்று கேட்டேன்.

மூக்கை இழுக்கும் சத்தம் தெளிவாகக் கேட்டது. "மணலி பேக்டரி நெடி. இங்க அது அட்ச்சா மேக்கு. சரி, பின்னாடி ஆளு நிக்கிறான், வெச்சிடட்டா?"

வைத்துவிட்டான். திங்கட்கிழமை அலுவலகத்துக்குப் போனதும் முதல் வேலையாக அந்த மணிக்கான படத்தை எடுத்தேன். ஊர் நிலையத்தின் குச்சி மேற்கே நீண்டிருந்தது.

7

இங்கெரின் படிவத்தில் 'குறையின் காரணம்' என்று ஒரு கேள்வி. பக்கத்தில் மூன்று கட்டங்கள்: கருவி, தொடர்பு, ஆள். ஒன்றில் மட்டும் குறியிடலாம்.

கருவி என்று குறியிட்டால் பொய் இல்லை. காத்தாடியைத் தப்பாகத்தான் மாட்டியிருந்தார்கள். யாரும் என்னை ஒன்றும் கேட்க மாட்டார்கள். என் சான்றிதழ், என் குடியுரிமைக் கோப்பு, குளிர்பதனப் பெட்டியில் ஒட்டிய தாள் எல்லாம் இருந்த இடத்தில் இருக்கும். ஆனால் கருவி கெட்டதென்றால் மென்பொருள் அந்தக் காலத்துப் பதிவு முழுவதையும் சாம்பலாக்கிவிடும், தேசிங்கு எழுதியதையும் சேர்த்து. அவனைக் காப்பாற்ற வேண்டுமென்றால் ஆள் என்றுதான் குறியிட வேண்டும். எந்தெந்த ஷிப்டு என்று தனித்தனியாக எழுத வேண்டும். அவை யாருடையவை என்பது எனக்கு எப்படித் தெரியும் என்றும் எழுத வேண்டும்.

இரண்டு நாள் படிவத்தை இழுப்பறையில் வைத்திருந்தேன். ஒரு முறை கருவியில் குறியிட்டேன், அழித்தேன். வாழ்நாளில் நான் செய்த முதல் அடித்தல் திருத்தல் அதுதான் என்று நினைக்கிறேன். பிறகு ஆள் என்று குறியிட்டு, தேசிங்கு போகும்வரை பதினாறு மாதத்து என் ஷிப்டுகளையும், அவன் போன பிறகு வந்த எல்லா ஷிப்டுகளையும் வரிசையாக எழுதி, கடைசிக் கேள்விக்கு நேரே, 'அந்த ஆள் நான்தான்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மற்ற ஷிப்டுகளை எழுதியவர் பெயர் என்று தேசிங்கின் பெயரையும் போட்டேன். அவன் பெயர் ஒரு ஆவணத்தில் ஏறுவது அதுவே முதல் தடவையாக இருக்கலாம்.

இங்கெர் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். இடி விழப்போகிறது என்று நின்றேன்.

"நல்லது" என்றார். "சாம்பலில் நம்மிடம் மூன்று வகை இருக்கிறதே, எது வேண்டும்?"

ஒரு மனிதன் தன் வாழ்க்கையில் செய்த ஒரே கேவலத்தைக் கையெழுத்திட்டுக் கொடுக்கிறான், இவர்களுக்கு நிறத்தில்தான் கவலை. சான்றிதழைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று குடியுரிமை அலுவலகத்துக்கும் போனேன். குறை சொல்லும் சான்றிதழை நீக்கப் படிவம் இருக்கிறதாம். நல்ல சான்றிதழை நீக்கப் படிவம் இல்லையாம். சன்னலுக்குப் பின்னால் இருந்த பெண், மரியதாஸ் என்று என்னை என் அப்பா பெயரால் அழைத்து, கவலைப்பட வேண்டாம் என்றாள்.

வெள்ளிக்கிழமை, பிள்ளைகளை அலுவலகத்துக்கு அழைத்து வரலாம் என்ற நாள். ரீனா வந்தாள். இனிப்பு கொடுத்தார்கள், ஒரு சின்னக் குடையும் கொடுத்தார்கள். என் திரையில் அந்த நவம்பர் ஓடிக்கொண்டிருந்தது. துறைமுக வட்டத்தில் கறுப்புக் குச்சி இரண்டு, சாம்பல் குச்சி இரண்டு, மறுபடி கறுப்பு இரண்டு. அவளுக்குக் குச்சி படிக்கச் சொல்லிக் கொடுத்தேன். பத்து நிமிடத்தில் பிடித்துக்கொண்டாள்.

"கறுப்புதானே சரி, அப்பா?"

"ஆமா."

"சாம்பல் பிழையோ?"

"ஆமா."

சற்று நேரம் குச்சிகளை எண்ணிக்கொண்டிருந்தாள். பிறகு, விடை தெரிந்த குரலில் கேட்டாள். "அப்ப, சாம்பல் எல்லாம் அந்தப் பொய்க்காரர் எழுதினது. ஓமோ?"

இங்கெர் இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்திருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆமா என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும், உலகத்தில் யாருக்கும் தெரிந்திருக்காது. தேசிங்கேகூடக் கவலைப்பட்டிருக்க மாட்டான்.

"கறுப்பு எல்லாம் தேசிங்கு மாமா எழுதினது" என்றேன். "சாம்பல் எல்லாம் அப்பா எழுதினது. அவர் வேலையைப் பறிச்சதும் அப்பாதான். கடுதாசி எழுதி."

அவள் என்னைப் பார்க்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்ததும் நேராகச் சமையலறைக்குப் போய், குளிர்பதனப் பெட்டியிலிருந்து அந்தத் தாளை எடுத்தாள். கிழிப்பாள் என்று நினைத்தேன். கிழிக்கவில்லை. மேசையில் உட்கார்ந்து, ரப்பரால் அழிக்க முடியாமல் பேனாவாலேயே அடித்து, அப்பா என்று இருந்த இடமெல்லாம் தேசிங்கு என்றும், தேசிங்கு என்று இருந்த இடமெல்லாம் அப்பா என்றும் மாற்றி எழுதினாள். தாள் முழுக்க அடித்தல் திருத்தல். பிறகு அதே காந்தத்தை வைத்து, அதே இடத்தில் ஒட்டினாள்.